பச்சையாகிப் போன நீச்சல் குளம்: கடையில் எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

மாசி பிறந்தால் நீச்சல் குளச் சாமான் கடைகளில் கூட்டம் கூடிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலைப் பண்ணை வீடானாலும் கோவைப் பக்கத்துத் தோட்ட வீடானாலும் நடந்திருப்பது ஒன்றுதான். ஐப்பசி, கார்த்திகை மழை குளோரினை நீர்க்க வைத்திருக்கும். மார்கழிக் குளிரில் யாரும் இறங்காததால் மோட்டாரை நிறுத்தி வைத்திருப்பார்கள். வெயில் ஏறத் தொடங்கிய ஒரே வாரத்தில் தண்ணீர் கறிவேப்பிலைச் சட்னி நிறத்துக்கு வந்துவிடும்.

கடைக்காரர் வழக்கமாகக் கையில் திணிப்பது மூன்று: ஐந்து லிட்டர் ஆல்ஜிசைடு (பாசிக்கொல்லி) கேன், டி.சி.சி.ஏ. (ட்ரைகுளோரோ ஐசோசயனூரிக் அமிலம்) குளோரின் டப்பா, ஒரு கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்). பாசியை ஒழிக்க இந்த மூன்றில் ஒன்றுகூட முதல் தேவை இல்லை. எது தேவை, ஏன் என்பதை ஒரே அளவுகோலில் பார்க்கலாம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் ஒரு பக்கம் 1 மீட்டர், மறுபக்கம் 1.5 மீட்டர். சராசரி ஆழம் 1.25 என்று பெருக்கினால் 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். வீட்டுக் குளங்களில் இது நடுத்தர அளவு. இதில் 1 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) குளோரின் ஏற்ற 40 கிராம் சுத்தக் குளோரின் வேண்டும். கீழே வரும் கணக்கெல்லாம் இந்தக் குளத்துக்கே. உங்கள் குளம் 60,000 லிட்டர் என்றால் ஒன்றரை மடங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் டெஸ்ட் கிட்

கடையில் மலிவாகக் கிடைக்கும் கிட்டில் இரண்டு குழாய், இரண்டு சொட்டு மருந்து இருக்கும். மஞ்சள் நிறம் குளோரினைக் காட்டும், சிவப்பு பி.எச். (அமில, காரத் தன்மை) அளவைக் காட்டும். இந்த மஞ்சள் மருந்தின் பெயர் ஓ.டி.ஓ. தினசரி பராமரிப்புக்கு இது போதும், பாசி ஒழிக்கப் போதாது. இரண்டு காரணம். இது வேலைக்குத் தயாராக இருக்கும் ஃப்ரீ குளோரினையும் ஏற்கெனவே அழுக்கோடு சேர்ந்து வேலையை முடித்துவிட்ட கம்பைண்டு குளோரினையும் பிரித்துக் காட்டாது. 5 பி.பி.எம்.முக்கு மேல் போனால் மஞ்சள் ஆரஞ்சாகி, பிறகு பழுப்பாகும். அது 8-ஆ 18-ஆ என்று யாராலும் சொல்ல முடியாது.

டி.பி.டி. மாத்திரைக் கிட் இரண்டையும் பிரித்துக் காட்டும். ஆனால் அதில் வேறொரு பொறி இருக்கிறது. குளோரின் மிக அதிகமானால் இளஞ்சிவப்பு நிறமே வெளுத்துப் போய்விடும். குழாயில் நிறமில்லாததைப் பார்த்து "குளோரினே இல்லை" என்று மேலும் கொட்டுபவர்கள் உண்டு. சந்தேகம் வந்தால் ஒரு பங்கு குளத்து நீருடன் நான்கு பங்கு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்குங்கள்.

பாசி வேலைக்குப் பொருத்தமானது சொட்டு எண்ணும் எஃப்.ஏ.எஸ்.-டி.பி.டி. வகை. டெய்லர் கே-2006 அந்த வகைதான். தூளைப் போட்டால் சிவக்கும், சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மறையும் வரை எண்ண வேண்டும். 10 மில்லி நீர் எடுத்தால் ஒரு சொட்டுக்கு அரை பி.பி.எம். நிறத்தை ஒப்பிட்டுக் கண்ணைச் சுருக்கும் வேலையே இல்லை. விலை உறுத்தும். ஆனாலும் இந்த மதிப்பீட்டில் முதல் இடம் இதற்குத்தான், ஏனென்றால் ஸ்டெபிலைசர் எனப்படும் சயனூரிக் அமிலத்தை அளக்கும் சோதனையும் இதனுடனேயே வருகிறது. அந்த எண் தெரியாமல் குளோரின் போடுவது, எடைக்கல் இல்லாத தராசில் நிறுப்பது போல.

சயனூரிக் அமிலம் வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் குடை. குடை பெரிதானால் குளோரின் அதற்கு அடியிலேயே ஒண்டிக்கொள்ளும், வேலைக்கு வெளியே வராது. பாசியைக் கொல்லத் தேவையான ஃப்ரீ குளோரின், ஸ்டெபிலைசர் அளவில் சுமார் 40 சதவீதம். ஸ்டெபிலைசர் 30 என்றால் 12 பி.பி.எம்., 50 என்றால் 20, 120 என்றால் 48. "கிலோ கணக்கில் குளோரின் போட்டும் பச்சை போகவில்லை" என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இந்தக் கணக்கு.

குளோரின் வகைகள்

*ஹைப்போ.* சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல், 35 அல்லது 50 லிட்டர் நீலக் கேனில் வரும். லேபிளில் 10 முதல் 12 சதவீதம் என்று இருக்கும். 10 சதவீதம் என்று வைத்தால் நம் குளத்தில் 1 பி.பி.எம். ஏற 400 மில்லி. 12 பி.பி.எம். இலக்குக்கு 4.8 லிட்டர். பாசி ஒழிப்புக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை. ஸ்டெபிலைசரைக் கூட்டாது, சுண்ணாம்புச் சத்தைக் கூட்டாது, கரைக்கும் வேலை இல்லை, கொட்டியதும் வேலையைத் தொடங்கும். மிச்சம் விடுவது கொஞ்சம் உப்பு மட்டுமே.

குறை ஒன்று உண்டு, அது பெரிய குறை: இது கேனிலேயே செத்துக்கொண்டிருக்கும் சரக்கு. 35 டிகிரி சூட்டில் இரண்டு மூன்று மாதம் கிடந்தால் வீரியம் பாதியாகிவிடும், வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம். கடை வாசலில் வெயில் காயும் கேனை வாங்காதீர்கள், நிரப்பிய தேதியைக் கேளுங்கள். வீரியத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். 20 லிட்டர் குடிநீர் கேனில் ஊசி சிரிஞ்சால் 1 மில்லி ஹைப்போ விட்டுக் கலக்கி, கிட்டில் பாருங்கள். 10 சதவீதச் சரக்கு என்றால் 5 பி.பி.எம். காட்ட வேண்டும். இரண்டரைதான் காட்டுகிறது என்றால் பாதித் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள். அளவை இரட்டிப்பாக்குங்கள், அடுத்த முறை கடையை மாற்றுங்கள்.

*கால்சியம் ஹைப்போகுளோரைட்,* 65 சதவீதக் குருணை. 12 பி.பி.எம்.முக்குச் சுமார் 740 கிராம். வீரியம் கெடாமல் இருக்கும், தூக்கவும் எளிது. ஆனால் ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினுக்கும் கடினத்தன்மை ஏறக்குறைய 7 பி.பி.எம். ஏறும். போர்வெல் தண்ணீர் ஏற்கெனவே டீ பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் ஊரில் இதைத் தொடர்ந்து போட்டால் டைல்ஸ் ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு விழும். மழைநீரோ மென்மையான நீரோ நிரப்பிய குளத்துக்குத் தாராளமாக வாங்கலாம்.

*பிளீச்சிங் பவுடர்.* ஊராட்சித் தொட்டிக்குப் போடும் அதே தூள். வீரியம் 30 சதவீதத்தைச் சுற்றித்தான், மூட்டை பிரித்தபின் அதுவும் குறையும். 12 பி.பி.எம்.முக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தேவைப்படும், அதில் கணிசமான பகுதி கரையாத சுண்ணாம்பு. வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றினாலும் குளம் பால் போலாகும். அவசரத்துக்கு ஒருமுறை சரி, பழக்கமாக வேண்டாம்.

*டி.சி.சி.ஏ. 90.* கடைகளின் செல்லப்பிள்ளை. 12 பி.பி.எம்.முக்கு 533 கிராம் போதும், ஸ்டோர் ரூமில் மாதக் கணக்கில் கெடாது. ஆனால் இது தரும் ஒவ்வொரு 10 பி.பி.எம். குளோரினோடும் 6 பி.பி.எம். சயனூரிக் அமிலம் இலவச இணைப்பாக வரும். கரும்பச்சைக் குளம் ஒன்று தெளிவதற்குள் 80 பி.பி.எம். குளோரினைக்கூட விழுங்கிவிடும். அதை முழுக்க டி.சி.சி.ஏ.வாகப் போட்டால் மூன்றரைக் கிலோ ஆகும், ஸ்டெபிலைசர் 48 ஏறும். போடப் போட இலக்கும் மேலே போய்க்கொண்டே இருக்கும், ஓடும் பேருந்தைத் துரத்துவது போல. தினசரி 3 பி.பி.எம். வீதம் ஒரு மாதம் போட்டாலே 54 ஏறிவிடும். வெயிலால் இது போகாது, பாசி இதைத் தின்னாது, வீட்டுக் குளத்தில் தண்ணீரை மாற்றுவதுதான் நடைமுறை வழி. பாசி ஒழிக்க வேண்டாம். அதன் இடம் வேறு, பிறகு வருகிறேன். இதே குடும்பத்தைச் சேர்ந்த எஸ்.டி.ஐ.சி. குருணை இன்னும் மோசம், 10 பி.பி.எம்.முக்கு 9 ஏற்றும்.

ஸ்டெபிலைசர் 100-ஐத் தாண்டியிருந்தால் எந்தச் சரக்கும் வாங்கும் முன் தண்ணீரை இறக்குங்கள். ஆனால் குளத்தை முழுக்கக் காலி செய்யாதீர்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு கடற்கரைப் பகுதியில் நிலத்தடி நீர் மேலேயே நிற்கும். காலிக் குளம் ஒரு வெறும் தொட்டி. கீழிருந்து நீர் தள்ளினால் தரை டைல்ஸ் உப்பும், சில சமயம் தொட்டியே விரிசல் விடும். மூன்றில் ஒரு பங்கு இறக்கி, நிரப்பி, மோட்டார் ஓட்டிக் கலக்கிவிட்டு, மறுபடி மூன்றில் ஒரு பங்கு. இரண்டு தடவையில் 120 என்பது சுமார் 53-க்கு வரும். முதல் டோஸ் 19 லிட்டர் ஹைப்போவிலிருந்து எட்டரை லிட்டராக இறங்கும். போர் நீர் இலவசமாகக் கிடைக்கும் வீட்டில் இதுவே மிகப் பெரிய மிச்சம்.

ஆல்ஜிசைடும் மயில்துத்தமும்

ஆல்ஜிசைடு கேன்களில் பெரும்பாலானவை பென்சால்கோனியம் குளோரைடு. சிலது 10 சதவீதம், சிலது 50 சதவீதம், கேன் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். லிட்டர் விலையை ஒப்பிடுவதில் பொருளில்லை, சதவீதத்தைப் பாருங்கள், எழுதவே இல்லையென்றால் வைத்துவிட்டு வாருங்கள். இது பாசி வராமல் தடுக்க உதவும். வந்து படர்ந்துவிட்ட பாசிக்கு லேபிள் அளவு யானைப் பசிக்குச் சோளப்பொரி. கூடப் போட்டால் நீர் விழும் இடத்தில் சோப்பு நுரை கிளம்பும், அருவி அமைப்பு வைத்த குளங்களில் பார்க்கவே சகிக்காது. பாலிகுவாட் வகை நுரைக்காது, விலை கூட. இரண்டையும் குளம் தெளிந்து குளோரின் இறங்கிய பிறகே போட வேண்டும். உச்சக் குளோரின் உள்ள நீரில் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

மயில்துத்தம் பாசியைக் கொல்லும், அதில் சந்தேகமில்லை. பிரச்சினை அளவில். தடுப்புக்குத் தேவை 0.3 பி.பி.எம். தாமிரம், நம் குளத்துக்கு 48 கிராம் மயில்துத்தம், ஒரு சின்னக் கிண்ணம். கடையில் தருவதோ ஒரு கிலோ. அதை அப்படியே கொட்டினால் 6 பி.பி.எம்.முக்கு மேல் தாமிரம் நிற்கும். பி.எச். 8-ஐத் தாண்டும் நாளில் அது டைல்ஸ் இடுக்கை அடைத்திருக்கும் வெள்ளைக் கிரவுட்டில் நீலப்பச்சைக் கறையாக இறங்கும், நரைத்த தலைமுடியிலும் பச்சை ஏறும். வாங்க வேண்டாம். வாங்கியிருந்தால் தோட்டத்துச் செடிகளுக்குத் தெளிக்கும் போர்டோ கலவைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதை ஒட்டி ஒரு எச்சரிக்கை: பச்சையெல்லாம் பாசி இல்லை. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக, ஆனால் பச்சைச் சாயலோடு இருந்தால் தாமிரமோ இரும்போ கரைந்திருக்கிறது. வெள்ளை வாளியில் போர் தண்ணீர் பிடித்து ஒரு மூடி ஹைப்போ விடுங்கள். சிறிது நேரத்தில் கட்டஞ்சாயா நிறத்துக்குப் போனால் அது இரும்பு. எவ்வளவு குளோரின் போட்டாலும் அந்த நிறம் கூடத்தான் செய்யும்.

பிரஷ், ஃபில்டர், வேலை நடக்கும் விதம்

பாசி சுவரில் ஒட்டும்போது தன்மேல் ஒரு வழவழப்புப் பூசிக்கொள்ளும். குளோரின் அதன் மேலேயே வழுக்கிப் போய்விடும். 45 சென்டிமீட்டர் அகல நைலான் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தால் சுவரிலிருந்து பச்சைப் புகை கிளம்புவது கண்ணுக்குத் தெரியும். அந்தப் புகைதான் குளோரினுக்கு எட்டும் பாசி. ஏணிக்குப் பின்புறம், லைட் விளிம்பு, படியின் உள்மூலை, மேல்மட்ட நீரை உறிஞ்சும் ஸ்கிம்மர் வாய் இவற்றை விட்டுவிட்டால் பத்து நாளில் அங்கிருந்தே திரும்பப் பரவும். ஸ்டீல் பிரஷ் சிமென்ட் பூச்சுக் குளத்துக்கு மட்டும். ஃபைபர் குளத்திலும் லைனர் குளத்திலும் கீறிவிடும்.

முதலில் இலைதழையை வலையால் வாருங்கள். அடியில் ஒரு வாளி மக்கிய இலை கிடந்தாலும் அதுவே குளோரினை முழுங்கிவிடும். பி.எச்.சை 7.2 பக்கம் கொண்டுவாருங்கள். குளோரின் 10-ஐத் தாண்டினால் பி.எச். சோதனை பொய் சொல்லும் என்பதால் இது முன்னரே முடிந்திருக்க வேண்டும். 30 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டே இதற்குச் சரி, கழிவறை கழுவும் ஆசிட் பாட்டில் அல்ல. ஆசிட் ஊற்றி அரை மணி மோட்டார் ஓடிய பிறகே ஹைப்போ. இரண்டும் நேராகச் சந்தித்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டும்.

சூரியன் இறங்கியதும் முதல் டோஸ். வடித்த நீர் குளத்துக்குத் திரும்பும் ரிட்டர்ன் குழாய் முன்னால் மெதுவாக ஊற்றுங்கள். மோட்டார் இரவு பகல் ஓட வேண்டும். முதல் நாள் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தால் 12 என்று விட்டது 3-க்கு வந்திருக்கும், திரும்ப 12-க்கு ஏற்றுங்கள். ஆள்கள் சோர்ந்து போவது இங்கேதான். ஒரு டோஸ் போட்டு "மூன்று நாள் பார்ப்போம்" என்று விட்டால் பாசி மறுபடி தலையெடுக்கும், அதுவரை செலவழித்தது வீண். விடாமல் பிடித்தால் பெரும்பாலும் ஓரிரு நாளில் பச்சை சாம்பலாகி, பிறகு நீலம் கலந்த பால் நிறமாகும். பாசி செத்துவிட்டது, பிணத்தை எடுக்கும் வேலை ஃபில்டருடையது.

24 அங்குல மணல் ஃபில்டர் மணிக்கு 11, 12 கன மீட்டர் வரை நன்றாக வடிக்கும், நம் குளம் நான்கு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று வரும். அழுத்தமானி சுத்தமாக இருந்த நிலையிலிருந்து 0.3 முதல் 0.5 பார் ஏறினால் பேக்வாஷ், அதாவது நீரைத் தலைகீழாக விட்டு மணலைக் கழுவுவது. பார்வைக் கண்ணாடியில் நீர் தெளியும் வரை இரண்டு மூன்று நிமிடம், பிறகு அரை நிமிடம் ரின்ஸ். வால்வின் கைப்பிடியைத் திருப்பும் முன் மோட்டாரை நிறுத்துங்கள். ஓட விட்டுத் திருப்பினால் உள்ளே இருக்கும் சக்கர வடிவ கேஸ்கெட் கிழியும், அன்றிலிருந்து வேஸ்ட் குழாயில் நாள் முழுதும் நீர் கசியும். ரிட்டர்னில் மணல் வந்தால் உள் விரல்குழாய் உடைந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் ஆயிரம் லிட்டர் ஹைப்போ ஊற்றினாலும் தெளியாது.

சுவரில் தொங்கும் பைப்லெஸ் ஃபில்டர்கள் தெளிந்த குளத்துக்கு வசதியானவை, பாசிக் குளத்தில் திணறும். உள்ளிருக்கும் வடிகட்டும் பை இரண்டு மூன்று மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது பை வாங்கி வைத்து மாற்றி மாற்றிக் கழுவுவதுதான் வழி. பலவற்றில் வண்டலை நேராக வெளியே தள்ள வழியும் இல்லை.

பால் நிறம் நான்கைந்து நாளாகியும் விடவில்லை என்றால் படிகாரம் நல்ல, மலிவான சரக்கு. 40,000 லிட்டருக்கு 1.6 கிலோ, வாளியில் கரைத்துப் பரவலாக ஊற்றி, வால்வை ரீசர்க்குலேஷனில் வைத்து ஒரு மணி சுற்றவிட்டு மோட்டாரை நிறுத்துங்கள். ஃபில்டர் வழி விட்டால் மணல் கட்டிபட்டுவிடும். மறுநாள் காலை தரையில் பஞ்சு விரித்தது போல வண்டல் படிந்திருக்கும். வால்வை வேஸ்ட்டில் வைத்து, வேக்யூம் தலையை நெல் காயவைக்கும் பாயில் நடப்பது போல மெதுவாக நகர்த்துங்கள். அவசரப்பட்டால் எல்லாம் எழும்பிவிடும், இன்னொரு இரவு காத்திருக்க வேண்டும். 20 நிமிட வேலையில் 10 சென்டிமீட்டர் அளவுக்கு நீர் இறங்கும், முன்கூட்டியே விளிம்பு வரை நிரப்பிக்கொள்ளுங்கள். படிகாரம் காரத்தன்மையை 20 பி.பி.எம். வரை தின்னும், பி.எச். விழும், முடித்ததும் சோதியுங்கள். பாசி உயிரோடு இருக்கும்போது படிகாரம் போடுவதால் பயனில்லை.

வேலை முடிந்ததா என்பதை நிறம் சொல்லாது. இரவு குளோரினை அளந்து குறித்து வைத்து, சூரியன் எழும் முன் மறுபடி அளக்க வேண்டும். இரவில் வெயில் இல்லை, ஒரு பி.பி.எம்.முக்கு மேல் குறைந்திருந்தால் ஏதோ ஒன்று இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. கம்பைண்டு குளோரினும் அரைக்குக் கீழே வந்திருக்க வேண்டும். வந்த பிறகு குளோரின் தானாக 3, 4-க்கு இறங்கட்டும், அதுவரை பிள்ளைகளை இறக்க வேண்டாம். கிரவுட்டில் கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும் கறுப்புப் பாசி மட்டும் இந்த நாள்கணக்குக்குக் கட்டுப்படாது. உச்சக் குளோரினிலேயே வாரக்கணக்கில் தினமும் தேய்க்க வேண்டியிருக்கும்.

எவ்வளவு வாங்குவது

நம் குளத்துக்கு நடுத்தரப் பச்சை என்றால் ஒரு 35 லிட்டர் ஹைப்போ கேன் போதும், கரும்பச்சைக்கு இரண்டாவது கேன் கைவசம் இருக்கட்டும். ஆசிட் 5 லிட்டர், படிகாரம் 2 கிலோ, பிரஷ், கிட். ஆல்ஜிசைடு இல்லாமலே முடியும்.

டி.சி.சி.ஏ.வுக்கு ஓரிடம் உண்டு என்றேன். தெளிந்த குளத்தில் ஸ்டெபிலைசர் 30-க்குக் கீழே இருந்தால், மிதவையில் 200 கிராம் மாத்திரைகளை இட்டு 40 வரை ஏற்றிக்கொள்ளலாம். 40 வந்ததும் நிறுத்திவிட்டு ஹைப்போவுக்குத் திரும்புங்கள். கத்திரி வெயிலில் தினம் 2 முதல் 4 பி.பி.எம். போகும், அதாவது மாலையில் 800 மில்லி முதல் 1.6 லிட்டர். மாத்திரையை ஸ்கிம்மரில் போட்டு மோட்டாரை நிறுத்தாதீர்கள். அந்தச் சிறு இடத்து நீர் கடும் அமிலமாகி, மோட்டார் ஓடியதும் முதலில் உலோகப் பாகங்களை அரிக்கும். டி.சி.சி.ஏ. அள்ளிய கரண்டியை பிளீச்சிங் பவுடரிலோ கால்சியம் ஹைப்போவிலோ விடவே கூடாது, இரண்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். தனித்தனி அலமாரி, தனித்தனி கரண்டி. ஹைப்போ கேனை நிழலில், மூடியின் காற்றுத்துளை அடைபடாமல், ஒரு மாதத்துக்கு மேல் மிஞ்சாத அளவில் வையுங்கள்.